பஞ்சுவின் குழந்தை

மணமானி மஞ்சளைக் காட்டியது.

சுபாஷிணி அதை மகளின் பிடரியிலிருந்து எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து மறுபடியும் வைத்தாள். நேற்றுவரை பச்சை. இப்போதும் மஞ்சள்தான்.

"என்னம்மா?" என்றாள் மகிழினி. வாயில் இட்லி இருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. சாப்பிடு."

பஞ்சு கதவோரம் உட்கார்ந்து மகிழினியையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, மடிந்த காது. அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளில் இதே உடம்பு, இதே திட்டு, இதே பெயர். சாயங்காலம் யாராவது மாடியிலிருந்து "பஞ்சு" என்று கூப்பிட்டால் புல்வெளியில் எல்லாத் தலையும் நிமிரும். ஒன்றும் நகராது. ஒவ்வொன்றும் தன் குழந்தையிடம் மட்டுமே போகும்.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. மலைச்சரிவில் புதைந்த சிறுமியை ஒரு டெரியர் நாய் தோண்டி எடுக்கும் படம். டெரியர், வளைக்குள் பதுங்கியதைத் தோண்டி எடுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். படம் பார்த்த பிள்ளைகள் அழுது அடம்பிடித்தார்கள். வாங்கி வந்த நாய்களோ செருப்பைக் கடித்தன, பூந்தொட்டியைக் கவிழ்த்தன, கடைசியில் தெருவுக்குப் போயின. அதற்குப் பிறகுதான் ஒரு நிறுவனம் மணமுத்திரையைக் கொண்டுவந்தது. கண் திறக்காத குட்டியின் மூக்கில் குழந்தையின் உள்ளங்கையை வைப்பார்கள். குட்டியின் மூளையில் சேர்க்கப்பட்ட ஒரு மரபணு அந்த மணத்தைப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த நாய்க்கு உலகத்தில் ஒரே ஆள். அந்த ஆளை எங்கே மறைத்தாலும் தோண்டி எடுத்துவிடும்.

அதில் பொய் இல்லை. மகிழினி ஆறு வயதில் பக்கத்துக் கட்டட வேலையில் கொட்டியிருந்த மணல் சரிந்து உள்ளே போய்விட்டாள். சுபாஷிணி வீட்டில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவருவதற்குள் பஞ்சு அவள் முகத்தை வெளியே எடுத்திருந்தது. அதன் முன்கால்களில் நகம் மிஞ்சவில்லை.

நிறுவனம் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. படத்தில் சிறுமி கடைசிவரை சிறுமிதான். வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வயதுக்கு வரும்போது வியர்வையின் மணம் மாறியது. பூட்டு மாறவில்லை. அதற்காகத்தான் மணமானி. பச்சை என்றால் பழைய மணம். மஞ்சள் என்றால் மாறத் தொடங்கிவிட்டது. சிவப்பானால் நாயும் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மாடிப்படியில் கீழ்வீட்டுப் பவித்ரா நின்றிருந்தாள். சுபாஷிணியின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"பச்சை போயிருச்சுங்களா?"

"இன்னைக்குத்தான்."

"இன்னைக்கே கம்பெனி வண்டியக் கூப்பிட்டு நாயக் குடுத்திருங்க அக்கா. நாங்கதான் பாக்கலாம் பாக்கலாம்னு இருந்துட்டோம்."

பவித்ராவின் மகன் ஆதவ் ஆறு மாதமாக ஜன்னலருகே வருவதில்லை.

"எங்க பஞ்சு கடிச்சுருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள் பவித்ரா. "கடிக்கவே இல்லைங்க. தோண்டுச்சு. அழுதுட்டே தோண்டுச்சு. அவன் உடம்புல பழைய மணம் துளி மிச்சம் இருந்திருக்கு. எம்பையனுக்குள்ள எம்பையனத் தேடுச்சு அக்கா."

சுபாஷிணி வீட்டுக்கு வந்தாள். மகிழினியின் கட்டிலில் பஞ்சு தலையணையைக் கிழித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒழுங்காக, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி. பஞ்செல்லாம் வெளியே வந்த பிறகு உறைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்து முனகியது.

அவள் போனை எடுத்தாள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. சத்தம் கேட்டதும் மகிழினி பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வண்டிக்காரர் வாசலில் கயிற்றோடு நின்றார்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. இன்னும் ரெண்டு வீடு போகோணும்."

"கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

"வச்சிருப்போம்."

"எத்தன நாள்?"

"அது எத்தன நாள் இருக்குதோ அத்தன நாள்." அவர் கயிற்றைச் சுற்றினார். "கூண்டுத் தரை சிமெண்ட்டுங்க. குழந்தையக் காணோம்னு தோண்ட ஆரம்பிக்கும். நிறுத்தாது. பாக்கறதுக்கு நல்லா இருக்காதுங்க."

சுபாஷிணி குளியலறைக் கதவைத் தட்டினாள். "அம்மிணி, கதவத் தெற. ஆதவப் பாத்தீல்ல?"

உள்ளிருந்து மகிழினி கத்தாமல் சொன்னாள். "நான் மண்ணுக்குள்ள இருந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

சுபாஷிணி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "நிலைநீர் குடுத்துப் பாருங்களேன். நிறைய வீட்டுல குடுக்கறாங்க. புள்ள உடம்பு இப்ப இருக்கறபடியே நின்னுக்கும். மாற ஆரம்பிச்ச மணமும் பழையபடி ஆயிரும்."

"தப்பில்லையா?"

"நான் வண்டி ஓட்டறவனுங்க."

வண்டி பஞ்சு இல்லாமல் கிளம்பிப் போனது.

நிலைநீரும் அதே நிறுவனத்துடையதுதான். காலையில் பாலில் சில சொட்டு. ஒரு வாரத்தில் மணமானி பச்சைக்கு வந்தது. பஞ்சு தலையணையை விட்டுவிட்டு மகிழினியின் காலடியில் படுத்துக்கொண்டது. மகிழினி சிரித்தாள். ஒரு வருஷம் மட்டும் என்று சுபாஷிணி தனக்குச் சொல்லிக்கொண்டாள். பஞ்சுவுக்கு வயதாகிவிட்டது, எவ்வளவு நாள் இருந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டாள்.

பஞ்சு இருந்தது. குழந்தை பக்கத்தில் இருக்கிற நாய் எளிதில் சாவதில்லை.

பள்ளியில் நிலைவகுப்பு என்று தனிப்பிரிவு தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு உயரத்திலேயே, பெரிய பெஞ்சுகளில் கால் தொங்க உட்கார்ந்து பிள்ளைகள் நுண்கணிதம் படித்தார்கள். கல்லூரியிலும் அப்படி ஓர் அறை வந்தது. ஆதவ் தழும்புகளோடு மீசை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். படியில் பார்க்கும்போது மகிழினியிடம், "என்ன பாப்பா, ஸ்கூலுக்கா?" என்பான். அவனைவிட அவள் இரண்டு மாதம் மூத்தவள். "போடா டேய்," என்பாள். கிண்டல்தான். சில நாள் கழித்து அவள் லிப்டில் போக ஆரம்பித்தாள்.

மகிழினியின் இருபத்தோராவது வயதில் பஞ்சு செத்தது. அவள் உள்ளங்கைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு செத்தது.

அன்றைக்கே சுபாஷிணி நிலைநீர்ப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். மறுநாள் காலை மணமானியை மகளின் பிடரியில் வைத்தாள். பச்சை. அடுத்த மாதமும் பச்சை. முன்பு எந்த நிறத்துக்கு நடுங்கினாளோ அந்த மஞ்சளுக்காக இப்போது தினமும் வேண்டிக்கொண்டாள்.

"உடம்புக்குன்னு ஒரு நேரம் இருக்குதுங்க," என்றார் டாக்டர். "அது ஒரு தடவ வந்து தட்டிப் பாக்கும். தெறக்கலேன்னா போயிரும்."

"திரும்ப வராதுங்களா?"

டாக்டர் மகிழினியைப் பார்த்தார். அவள் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். "நீ கொஞ்சம் வெளிய இருக்கியா பாப்பா?" என்றார்.

"எனக்குப் புரிஞ்சிருச்சு டாக்டர்," என்று அவள் எழுந்து போனாள்.

சம்பளம் வாங்கிய மாதம் மகிழினி இளஞ்சூடாக இருந்த ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே பஞ்சுப் படுக்கையில் கண் திறக்காத ஒரு குட்டி. வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு.

"கடையில அம்மா வரலையான்னு கேட்டான்," என்றாள். "சம்பளச் சீட்டக் காட்டுனேன். அப்பவும் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ பாப்பாங்கறான்."

"எதுக்கு கண்ணு இது?"

"வேற யாரும்மா எங்கிட்ட வந்து உக்காருவா?"

அவள் தரையில் அமர்ந்து சிறிய உள்ளங்கையைக் குட்டியின் மூக்கருகே நீட்டினாள். குட்டி தலையை ஆட்டி ஆட்டித் தேடியது. பிறகு கைக்குள் முகம் புதைத்து அசையாமல் கிடந்தது.

"பூட்டிக்கிச்சு," என்றாள் மகிழினி. "இந்தத் தடவ பயமில்லம்மா. எனக்கு மணமே மாறாது."

சுபாஷிணி அவள் பின்னால் உட்கார்ந்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். பிடரியில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள். பால், சோப்பு, பள்ளிக்கூட மைதானம். எத்தனையோ வருடத்துக்கு முந்தைய அதே மணம். அதற்குள் வேறொரு மணம் துளியாவது இருக்காதா என்று மறுபடியும் இழுத்தாள். இன்னும் அழுத்தி மூக்கைப் புதைத்தாள். விரல்கள் மகளின் தோளில் மெதுவாக, ஒழுங்காக, மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன.

"அம்மா," என்றாள் மகிழினி. "நகம் குத்துது."