கேமராவுக்குக் கண் கூசினால்

எங்கள் பெரியம்மா கால்நடை டாக்டர். யாரோ விட்டுவிட்டுப் போகும் நாய்களையும் தன் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அவற்றைப் படம் எடுத்து வாசல் கண்ணாடியில் ஒட்டுவோம். பிடித்தவர்கள் வந்து அழைத்துப் போவார்கள்.

மைக்கூட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் மை மாதிரிக் கறுப்பு, அதனால் அந்தப் பெயர்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். இங்க இடமில்லை. அப்புறம் காப்பகத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்றார் பெரியம்மா.

வாசலில் போய்ப் படத்தைப் பார்த்தேன். அண்ணன் எடுத்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கறுப்பு மூட்டை. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"அண்ணா, இதுல நாயையே காணோமே."

"போடி வாயாடி. என் செட்டிங் எல்லாம் கனகச்சிதம்."

கேமராவைக் குறை சொன்னால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாஷ் போட்டு ஒன்று எடுத்தான். மைக்கூடு மிரண்டுபோய் மேசைக்கடியில் ஒண்டிக்கொண்டது.

"பிளாஷ் வேண்டாம்ணா, பாவம்."

நான் தரையில் படுத்து அதன் காதைத் தடவிக்கொடுத்தேன். நடுக்கம் நின்றது. கிட்டத்தில் பார்த்தால் தேன் நிறத்தில் எவ்வளவு அழகான கண்கள்! இது கேமராவுக்கு ஏன் தெரியவில்லை?

"இவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரைப் பார்த்தா கேமராவுக்குக் கண்ணு கூசுமா?" என்று கேட்டேன்.

அண்ணன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அதேதான். சுவரைப் பார்த்துட்டு அதுவா வெளிச்சத்தைக் குறைச்சிடுது. எனக்கு இது தோணவே இல்லை பாரேன்."

மைக்கூட்டை ஜன்னலோரமாக, பழுப்புக் கதவின் முன்னால் உட்கார வைத்தேன். அண்ணன் கேமராவில் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டினான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. க்ளிக்.

சனிக்கிழமை ஒரு தையல்கார அக்கா வந்தார். "தெருவுல போயிட்டிருந்தேன். இந்தக் கண்ணைப் பார்த்தப்புறம் கால் நகரலை" என்றார். மைக்கூடு உரிமையோடு அவர் மடியில் ஏறிப் படுத்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். அண்ணனுக்கும் அந்தச் சின்னச் சக்கரத்துக்கும் மனசுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டேன்.

அடுத்த வாரம் அக்கா ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். அவரே எடுத்ததாம். ஒரே கோணல், ஒரே மங்கல், ஓரத்தில் அவர் விரல் வேறு. நடுவில், துணிக் குவியல் மேல் மைக்கூடு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் வெளுத்து வாங்கப்போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "இதுல எதையும் மாத்த வேண்டாம்" என்றான். பிறகு, வாசல் கண்ணாடியில் தான் எடுத்த எல்லாப் படங்களுக்கும் மேலே அதை ஒட்டினான்.