கசடுக்குளத்துக் கயிறு

அன்று மாலை அமானுல்லா வீட்டுக்குள் வந்தபோது அவன்மேல் நாற்றமே இல்லை.

மெஹர்னிசாவுக்கு அது பழகிப்போன நாற்றம். பழவேற்காட்டுக் கடைத்தெருவின் சாக்கடையும் ஐஸ் கம்பெனியில் மீன் கழுவிய தண்ணீரும் வந்து சேர்கிற கழிவுநீர்க் குளத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் இடம் கிடைக்காமல், பஞ்சாயத்து கொடுத்த இதை ஏற்றுக்கொண்டிருந்தான். குடியிருக்க ஓட்டு வீடும் குளக்கரையிலேயே கொடுத்திருந்தார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை அவன் கழுத்தோரத்தில் தங்கிவிடும். அத்தர் வியாபாரி மகனுக்கு வந்த வாசனையைப் பார் என்று அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவன் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி வருவான்.

இன்று அவன் நெருங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்தான். சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"இன்னா மச்சான், குளத்துப் பக்கமே போவலியா?"

"போனேன்."

கொல்லையில் ஏதோ முனகியது. மரம் மரத்தோடு உரசுகிற சத்தம். நின்று, மறுபடி வந்தது. ஏரிக்காற்று செத்துப்போயிருந்தது, முருங்கை இலைகூட அசையவில்லை.

குளத்தின் மேல் கசடு காய்ந்து, வெடித்த வயல்போல ஏடு கட்டிக்கிடக்கும். புல்கூட முளைக்கும். தரை என்று நம்பி இறங்கிய ஆடுகள் திரும்பியதில்லை. அடியில் தேங்கும் வாயு வெளியேற, தினமும் அந்த ஏட்டைக் கடப்பாரையால் குத்தி உடைக்க வேண்டும். அப்போதெல்லாம் அமானுல்லா இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். மறுமுனை கொல்லைக் கம்பத்தில் இருக்கும். இரண்டு தரம் சுண்டினால் அவள் இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே செய்த ஏற்பாடு அது.

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

கம்பத்திலிருந்து கயிறு குளத்தை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது. அது அசைந்தபோதுதான் கம்பம் முனகியது.

கயிறு ஒருதரம் சுண்டியது. மறுபடியும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாயில் இருந்தவன் முகத்தைத் திருப்பவில்லை.

"கயித்துல யாரு மச்சான்?"

"யாருமில்ல. அவுத்து வுட்டுட்டு உள்ள வா, மெஹரு."

மெஹரு என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். குரலும் அவனுடையதுதான். அவள் மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். மத்தியானம் டீ கொண்டுபோனது நினைவிருந்தது. குளத்துப் பக்கமிருந்து அவன் கூப்பிட்டதும் ஓடியது நினைவிருந்தது. வீடு திரும்பியது நினைவில் இல்லை.

கம்பத்தருகே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

ஏடு பிளந்தது. விரல்கள் வந்தன. பிறகு ஒரு தலை. சேற்றுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைத் தேடின. அமானுல்லா. அவளுடைய அமானுல்லா. உயிரோடு. அவள் அழுதாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி இழுத்தாள். தோள் வந்தது. மார்பு வந்தது.

மார்பைச் சுற்றி இரண்டு கைகள்.

பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எழும்பியது. ஒட்டிய கூந்தல். வழியும் சேற்றுக்கு நடுவே ஒரு மூக்குத்தி.

மெஹர்னிசா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதே பச்சை வளையல்கள். சுத்தமாக, பளபளப்பாக.

"அவுத்துடு, மெஹரு." இப்போது காதருகில். மூச்சுக்காற்று படவில்லை.

சேற்றிலிருந்தவள் கண்ணைத் திறந்தாள். கரையில் நிற்பவளைப் பார்த்தாள். பயந்தாள்.

கத்துவதற்கு மெஹர்னிசா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தபோது, கம்பத்து முடிச்சை அவளுடைய விரல்கள் நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தன.