கை நின்றால்

சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த பிறகும் பக்கத்துக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சர்வர் அறையின் குளிரில், மின்விசிறிகளின் விடாத இரைச்சலுக்கு நடுவே, அவன் காதைத் தீட்டிக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தான்: நாற்காலிகள் தரையைக் கீறும் சத்தம், டப்பா மூடிகள் திறக்கும் சத்தம், யாராவது சோம்பல் முறித்தபடி அவிழ்த்துவிடும் ஒரு கடி ஜோக். வந்ததோ கீபோர்டுகளின் சடசடப்பு மட்டும், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல.

காலையில்தான் அவன் அந்த விதியை நீக்கியிருந்தான். அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது இந்த அறையிலிருந்துதான் போகும். சர்வரில் ஒரு விதியை மாற்றி, உடனே புதுப்பிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால் போதும். அத்தனையும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளும். போன மாதம் மேனேஜர் வந்து, "ஒரு நிமிஷம் கீபோர்டுல கை படலைன்னா ஸ்கிரீன் லாக் ஆகணும். யாரோடது எத்தனை தடவை ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். "செஞ்சிடலாம் சார்" என்றான் அவன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் முடித்ததற்குத் தோளில் ஒரு தட்டு வேறு வாங்கிக்கொண்டான்.

அந்தக் கூடத்தில்தான் அவனுடைய அக்காவும் தட்டச்சு வேலை பார்த்தாள். கெஞ்சிக் கூத்தாடி அவளை அங்கே சேர்த்துவிட்டதும் அவன்தான்.

நேற்று அவள் ஸ்வெட்டரை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துவிட்டான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "எழுந்து போனா லாக் ஆயிடும்னு அடக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்டா. அம்மாகிட்ட சொல்லிடாதே."

அதைச் செய்தது நான்தான் என்று சொல்லாமலே அவன் தன் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

இப்போது அந்த விதி இல்லை. எல்லா இயந்திரங்களிலும் புதுப்பித்தாயிற்று என்று சர்வரும் சொல்லிவிட்டது. பிறகு ஏன் யாரும் எழவில்லை?

கதவைத் திறந்தான். வெயிலுக்காக இழுத்துவிட்ட கனத்த திரைச்சீலைகள், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. அது என்னவென்று புரிந்ததும் அவன் முகம் காந்தியது. வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். ஒன்றும் திரும்பவில்லை.

அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அக்கா, அதை எடுத்தாச்சு. இனிமே லாக் ஆகாது. எழுந்து வா, சாப்பிடலாம்."

"லாக் ஆயிடும்டா."

"ஆகாதுக்கா. நான்தான்... அதைப் போட்டதே நான்தான். நானே எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டான். அவள் திட்டட்டும், நாலு அறை விடட்டும் என்று நின்றான். அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திரையில் வேலை எப்போதோ முடிந்திருந்தது. வெறும் கட்டத்துக்குள் ஒரே எழுத்து, பக்கம் பக்கமாக.

சர்வர் அறைக்கு ஓடினான். புதுப்பிக்கச் சொல்லி மறுபடி கட்டளை கொடுத்தான். கண்ணாடிக்கு அப்பால் எல்லா முதுகுகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஒரே நேரத்தில் குனிந்தன. இன்னொரு தடவை கொடுத்தான். நிமிர்ந்தன. குனிந்தன. தன் தனியறையில் மேனேஜரும்.

மெயின் சுவிட்சை இறக்கினான்.

விசிறிகள் நின்றன. விளக்குகள் நின்றன. திரைகள் எல்லாம் கறுத்தன. இருட்டில் அந்தச் சடசடப்பு மட்டும் நிற்கவில்லை.

தட்டுத் தடுமாறி அக்காவிடம் வந்து, பின்னாலிருந்து அவள் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்துத் தூக்கினான். விரல்கள் காற்றில் அடித்துக்கொண்டன.

"விடுடா. கையை விடுடா தம்பி..."

"போதும்க்கா. நிறுத்திடு."

விடவில்லை. விரல்கள் மெதுவாயின. ஒவ்வொன்றாக நின்றன.

"விடுடா, லாக்..."

அந்தச் சொல்லிலேயே வாய் நின்றது. திறந்தபடி. கண்ணும் திறந்தபடி.

"அக்கா?"

மூக்கருகே விரலை வைத்தான். காற்று இல்லை. உலுக்கினான். தலை ஆடவில்லை. கழுத்து கட்டைபோல.

பயத்தில் பிடியை விட்டான். அவள் கைகள் கீபோர்டில் விழுந்தன. ஏதோ ஒரு விசை அழுந்தியது.

அவள் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. நின்றது.

அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினான். ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி அழுத்தினான். ஒரு மூச்சு. மறுபடி. ஒரு மூச்சு.

திரைச்சீலை இடுக்கில் வெயில் ஒரு கோடாக அவள் முகத்தில் விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் அவள் கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து, அவன் பக்கம் திரும்பி, அவன் மேலேயே நின்றன.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுத்தினான்.