காஷ்பாரின் இரண்டாவது பாட்டில்

திருட்டு நடந்த வீட்டில் ஏதாவது ஒன்று குறையும். அதுதான் முறை. ஆனால் யோவான் திருநாளன்று காலை ஒன்பது மணிக்குப் பென்வின்டாவின் கதவை இடித்துத் தள்ளாத குறையாகத் தட்டிய காஷ்பாருக்கு ஒன்று கூடியிருந்தது.

"நேத்து வரைக்கும் ஒரு பாட்டில், டோனா பென்வின்டா. இன்னிக்கு ரெண்டு!"

அப்போது அமதேயு அண்ணி பென்வின்டாவின் சமையலறையில் நெற்றியை மேசைமேல் கிடத்தி உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவு போர்ட்டோ நகரமே தெருவில் இறங்கி, சுட்ட மத்தி தின்று, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையை ஒருவர் தட்டிக்கொண்டது. சராசரி மனிதனுக்கு நாற்பது தட்டு விழும். அமதேயுவுக்கு நாலாயிரமாவது விழுந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் முடிவெட்டும் கடை நடத்தியவர் அல்லவா? பழைய கணக்கைத் தீர்க்க ஊரே வரிசையில் நின்றது. இப்போது தலைக்குள் பதினாலு கோயில் மணிகள் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.

"ரெண்டா? நல்லதுதானே! எங்க வீட்லயெல்லாம் இருக்கிற ஒண்ணுதான் காணாமப் போகும்" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

"அமதேயு, வாயை மூடு. காஷ்பார் ஐயா, நீங்க உக்காந்து சொல்லுங்க" என்றாள் பென்வின்டா. சாவோ பென்டோ ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்களின் அறைக்கு முப்பத்தொரு வருடம் அதிகாரியாக இருந்தவள். ரயிலே தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்து கதவைத் தட்டினாலும், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

காஷ்பார் சொன்னார். எதிர்க்கரையான காயாவில் அவர் குடும்பத்துக்கு ஒரு ஒயின் நிலவறை. அவர் பிறந்த அன்று அவருடைய அப்பா ஒரு பாட்டிலைப் படுக்கவைத்தார். "பேர்ச்சீட்டு கிடையாது. வெள்ளைப் பெயிண்ட்ல வருஷம் மட்டும் எழுதி, எங்க எல்லாப் பாட்டிலுக்கும் வைக்கிற மாதிரி மேல் பக்கத்துல ஒரு வெள்ளைப் பொட்டு வெச்சார், தன் கையாலயே. எண்பது வருஷமா பொட்டு மேல பார்க்குது, வண்டல் அடியில தூங்குது. இன்னிக்கு எனக்கு எண்பது. ரெண்டு மணிக்கு விருந்து. அதைத் திறக்கணும். காலையில எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தா பக்கத்துல அதே மாதிரி இன்னொண்ணு! அதே வருஷம், அதே பொட்டு, அதே அரக்கு, அதே தூசி!"

"ரெண்டையும் திறந்து ருசி பார்த்தாப் போச்சு" என்றார் அமதேயு.

"எண்பது வருஷ ஒயின் எப்படி இருக்கும்னு எனக்கு என்னய்யா தெரியும்? தெரியாத ருசியை எதோட ஒப்பிடுறது?"

அமதேயு யோசித்தார். மணிகள் இன்னும் பலமாக அடித்தன. யோசனையை நிறுத்திக்கொண்டார்.

"சாவி யார்கிட்ட?" என்று கேட்டாள் பென்வின்டா.

"ஒண்ணு என் அறைக்கதவுக்குப் பின்னாடி தொங்குது. இன்னொண்ணு மேஸ்திரி ஜெஃபெரினோகிட்ட. நாப்பது வருஷமா அவர்தான் நிலவறைக்கு எல்லாம். 'நேத்து சாயங்காலம் உள்ள போனீங்களா?'ன்னு கேட்டேன். 'போனேன் முதலாளி'ன்னார். 'எதுக்கு?'ன்னேன். வாயையே திறக்கலை. ரெண்டு மணிக்குள்ள பதில் வரலைன்னா சாவியை வாங்கிக்கிட்டு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டேன்." இதைச் சொல்லும்போது காஷ்பாரின் தாடை நடுங்கியது. அனுப்பப்படுகிறவர் அவரோ என்று தோன்றியது.

மூவரும் பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்தார்கள். டோரு நதியின்மேல் மூடுபனி. எப்படிப்பட்ட பனி? அமதேயு தன் முழங்காலைப் பார்க்கக் குனிந்தார். முழங்கால் வீட்டிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. எதிர்க்கரையே காணவில்லை. அண்ணி மட்டும் இன்னும் வேலையில் இருந்திருந்தால், காயாவைக் காணோம் என்று அங்கேயே ஒரு புகார் எழுதிக் கொடுத்திருப்பாள். கடைசியில் ஏதோ ஒன்றில் முட்டிச் சாய்ந்தபோதுதான் கரை வந்தது தெரிந்தது. சாய்ந்தது, பிற்பகல் போட்டிக்காகப் புதிதாக வண்ணம் பூசியிருந்த படகின்மேல்.

நிலவறைக்குமேலே விருந்தாளிகள் கூடும் கூடம். காஷ்பாரின் மகன் லியோனெல் கொட்டாவியோடு வந்து வரவேற்றான். தலையணைச் சுருக்கம் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது. இருபத்தைந்து வருடம் லிஸ்பனில் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, இந்த வசந்தத்தில்தான் வீடு திரும்பியவன். வயது ஐம்பதுக்கு மேல்.

"இப்பத்தான் எழுந்தேன், மன்னிக்கணும். கூடம் எப்படி இருக்கு? எல்லாம் நான் அடுக்கினதுதான்!"

கூடம் பளபளத்தது. சுவரில் பன்னிரண்டு பொந்துகள் வைத்த ஒரு மரச்சட்டம். அதில் காட்சிக்காகத் துடைத்து வைத்த பழைய காலி பாட்டில்கள். அமதேயு வாய்விட்டு எண்ணினார்: பதினொன்று. மறுபடி எண்ணினார்: பதிமூன்று. மூன்றாவது முறை பதினொன்று வந்ததும், நேற்றைய சுத்தியலைச் சபித்துவிட்டு எண்ணுவதை விட்டார்.

"இதுகளோட வெள்ளைப் பொட்டு எங்கே?" என்றாள் பென்வின்டா.

"அந்தக் கறையா? அசிங்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் கீழ் பக்கமாத் திருப்பிட்டேன்."

காஷ்பார் கண்ணை மூடிக்கொண்டார். "காலி பாட்டில்தானே, தொலையட்டும்" என்று முனகினார்.

கீழே நிலவறையில் மகள் உர்சுலினா காத்திருந்தாள். ஒயின்களைக் கலந்து பதம் பார்ப்பவள் அவள்தான். அவளுடைய சட்டைக்கையில் வெள்ளைப் பெயிண்ட்! அமதேயுவின் மணிகள் சட்டென்று நின்றன.

"அண்ணி! வெள்ளைப் பெயிண்ட்! பொட்டு வெச்ச கை இதுதான்!"

"நம்ம படகுக்குப் பேர் எழுதினேன், ஐயா. உங்க கோட்டு முதுகுலயும்தான் இருக்கு. அப்ப நீங்களும் நானும் கூட்டுக் களவாணிங்களா?"

அமதேயு முதுகைத் தடவிப் பார்த்தார். மணிகள் மீண்டும் தொடங்கின.

மேஸ்திரி ஜெஃபெரினோ பீப்பாய் ஒன்றில் சாய்ந்து, கை கட்டி நின்றார். அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்று காயாவில் சொல்வார்கள். திருமணத்தின்போது "சம்மதம்" என்று சொன்னதுதான் கடைசி நீண்ட பேச்சாம்.

மாடத்தில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. இரட்டைப் பிள்ளைகள். இரண்டின் பொட்டும் மேலே பார்த்தபடி இருந்தது. பென்வின்டா அவற்றைத் தொடவில்லை. மேஸ்திரியிடம் போய் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "பழைய பாட்டில்ல அழுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?"

"பொட்டுக்கு நேர் எதிர்ல. அடியில." மேஸ்திரி நான்கு சொற்கள் பேசிவிட்டார். காஷ்பாரே திரும்பிப் பார்த்தார்.

அதே கேள்வியை உர்சுலினாவிடம் கேட்டாள். "இது என்ன கேள்வி? பொட்டுக்கு எதிர்ப்பக்கம். தவழற பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

மேலே போய் லியோனெலிடமும் கேட்டாள். "அழுக்கா? எங்க பாட்டில்லயா? இருந்தாத் துடைச்சுடுவோம், டோனா பென்வின்டா. துடைக்க வராட்டி மறைச்சுடுவோம்!" என்று சிரித்தான்.

அமதேயு அண்ணியின் காதருகே குனிந்தார். "ஏன் அண்ணி, களவாணியைத் தேட வந்தோமா, வீடு பெருக்க வந்தோமா?"

"ஒரு மெழுகுவத்தி கொண்டா" என்றாள் அவள்.

பகல் ஒன்றரைக்கு எல்லோரும் மாடத்தின் முன் கூடினார்கள். காஷ்பாரின் கை ஏற்கெனவே மேஸ்திரியின் பக்கம் பாதி நீண்டிருந்தது, சாவிக்காக. மேஸ்திரியின் கை இடுப்பு வளையத்தில் இருந்தது.

"சாவி கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றாள் பென்வின்டா. "முப்பத்தொரு வருஷமா ஜனங்க என்கிட்ட வந்து, 'அந்தக் குடை என்னோடது, அந்தப் பெட்டி என்னோடது'ன்னு சொல்வாங்க. நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: 'அதுல கறை எங்கே இருக்கு?' சொந்தக்காரர் உடனே சொல்லிடுவார். மத்தவங்க, 'கறையே இல்லையே, புதுசாச்சே'ம்பாங்க."

அவள் மெழுகுவர்த்தியை இடது பக்கப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்தாள். கருத்த கண்ணாடிக்குள் சிவப்பு மினுங்கியது. அடியில், பொட்டுக்கு நேர் எதிரே, தடித்த கறுப்பு வண்டல். கொஞ்சம் கலைந்திருந்தாலும் இடம் மாறவில்லை.

மெழுகுவர்த்தி வலது பாட்டிலுக்கு நகர்ந்தது. அதன் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. வண்டலோ மேல் கண்ணாடியில், வெள்ளைப் பொட்டின் நேர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டல் கூரையில ஏறிப் படுத்திருக்கே!" என்றார் அமதேயு.

"ஆமா. எந்த வண்டலும் மேல் பார்த்து விழாது. அதனால இந்தப் பொட்டு அப்புறமா வெச்சது, இது வேற வருஷத்துப் பாட்டில். பழைய எழுத்தையும் பொட்டையும் சுரண்டி எடுத்துட்டு, புது வருஷம் எழுதி, புதுப் பொட்டு வெச்சிருக்காங்க. வெச்சவருக்குப் பொட்டு எதுக்குன்னு தெரியலை. கண்ணாடியில கறுப்பா அழுக்கு தெரிஞ்சுது. அதை மறைக்க அதுமேலயே வெள்ளையைப் பூசிட்டார். மேஸ்திரியோ உர்சுலினாவோ காஷ்பார் ஐயாவோ தூக்கத்துல செஞ்சாலும் இந்தத் தப்பு வராது. இந்த வீட்டுல வெள்ளைப் பொட்டைக் கறைன்னு நெனைக்கிறவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் லியோனெலைப் பார்த்தார்கள். அவன் கன்னத்துச் சுருக்கம்கூடச் சிவந்துபோயிற்று.

"அப்பா அறையில தொங்கின சாவியை எடுத்தீங்க. நிஜ பாட்டிலை எங்க ஒளிச்சீங்கன்னும் எனக்குத் தெரியும். பன்னெண்டு பொந்து, பதினோரு பாட்டில். அமதேயு ரெண்டு தடவை சரியா எண்ணினான், பாவம், அவனே நம்பலை. காலி பாட்டில்களுக்கு நடுவுல, பொட்டைக் கீழ திருப்பி வெச்சிருந்தீங்க."

"தலைகீழாவா? எத்தனை நாள்?" என்று அலறினாள் உர்சுலினா.

"ரெண்டு நாள்..." என்றான் லியோனெல். "அப்பா, திருடறதுக்கு இல்லப்பா. எண்பது வருஷ ஒயின் செத்துப் போயிருக்கும்னு லிஸ்பன்ல எல்லாரும் சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி நீங்க அதை வாயில வெச்சு, மூஞ்சி கோணினா? என்னால பார்க்க முடியாதுப்பா. நல்ல வருஷமா ஒண்ணு எடுத்து மாத்தி வெச்சேன். உங்க பாட்டிலை நான் சாகிற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கலாம்னு."

காஷ்பாரின் வாய் திறந்தது; மூடியது; திறந்தது. டோரு நதியின் மீன்கள் எல்லாம் பார்த்துப் படிக்கலாம், அவ்வளவு நேர்த்தி.

"அப்ப நிஜ பாட்டிலைத் திரும்ப வெச்சது யாரு?" என்றார் அமதேயு. அவர் புத்தி இன்னும் பாலத்து மூடுபனிக்குள்ளேயே இருந்தது.

"நேத்து சாயங்காலம் கூடத்தைத் தூசி தட்டினவர். காலி பாட்டில்ல ஒண்ணு கனமா இருந்திருக்கு. பொட்டு மேல வர்ற மாதிரி, வண்டல் இடம் மாறாம கொண்டுவந்து படுக்க வெச்சிருக்கார். அது விவரம் தெரிஞ்ச கை. ஆனா ஒண்ணுதான் எனக்கும் புரியலை, மேஸ்திரி. போலியை ஏன் அங்கேயே விட்டீங்க?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். காயாவின் நிலவறைகள் அனைத்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"சின்னவர் காலையில வந்து பார்ப்பார், ரெண்டு இருக்கறதைப் பார்த்ததும் விஷயம் புரியும், தன்னோடதை எடுத்துட்டுப் போயிடுவார்னு நெனைச்சேன். யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவர் பதினோரு மணி வரைக்கும் தூங்குவார்னு தெரியலை."

"பத்தரை" என்றான் லியோனெல், ஈனக்குரலில்.

"சொல்லியிருக்கலாமேய்யா!" என்று காஷ்பார் கத்தினார். "சாவியையே பிடுங்க இருந்தேனே!"

"உங்க பிள்ளை, முதலாளி. நான் சொல்றதா?"

காஷ்பார் மேஸ்திரியின் இடுப்புச் சாவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இடது பாட்டிலைக் காட்டினார். "திறங்க. நீங்களே ஊத்துங்க."

விருந்தில் நாற்பது பேர். எல்லோர் கோப்பையிலும் வலது பாட்டில், அதோடு அதன் வருஷத்தில் இன்னும் ஐந்து. எண்பது வருட ஒயின் இப்படி இளமையாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார் பங்குச் சாமியார். மூன்று பேர் அழுதார்கள். இடது பாட்டிலை மேஸ்திரி மெழுகுவர்த்தியின்மேல் பிடித்து, அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாக வடித்தார். தெளிந்தது நாலே கோப்பை. அவருக்கு ஒன்று, காஷ்பாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு.

காஷ்பார் ஒரு வாய் குடித்தார். லியோனெல் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"செத்துத்தான் போச்சு" என்றார் காஷ்பார். மறுபடி குடித்தார். "அப்படியே எங்கப்பா. மொதல்ல ஒரு அதட்டல். அப்புறம் பேச்சே கிடையாது." கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "முகத்திலிருந்து கையை எடுடா. உன் கோப்பை காத்திருக்கு."

மாலையில் பனி விலகி, எதிரே போர்ட்டோ படிப்படியாக எழுந்து நின்றது. புறப்படும்போது அமதேயு கூடத்தை எட்டிப் பார்த்தார். லியோனெல் ஒரு முக்காலியில் ஏறி, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தான், பொட்டு மேலே வரும்படி.

"காலி பாட்டில்தானே தம்பி, எப்படிப் படுத்தா என்ன?"

"மேஸ்திரி பார்த்தார், ஐயா. ஒண்ணும் சொல்லலை. சும்மா பார்த்தார்."

அமதேயு சட்டத்தை எண்ணினார். பன்னிரண்டு. சந்தேகத்தோடு மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான். கடைசிப் பொந்தில், துடைக்காத தூசியோடு, காஷ்பாரின் வாய் திறந்த பாட்டில் படுத்திருந்தது. பொட்டு நேர் மேலே.

தலைக்குள் ஒரு மணியும் அடிக்கவில்லை.