ஈரலைத் தின்பேன்!

போன் அலறியது.

மஸ்கட். கடலோர ஹோட்டல். ஐந்தாவது மாடி. பகல் பன்னிரண்டு மணி.

அமெரிக்கத் தூதுக்குழுத் தலைவர் கார்ட்னர் ஹோல்ம் எடுத்தார். ஓஹையோவிலிருந்து மனைவி.

"டார்லிங், இன்னிக்குத்தானே கடைசி நாள்? போய் அத்தனை பேரையும் கொன்னுட்டு வாங்க!"

"கொன்னுடறேன் பாரு!"

சிரித்தபடி வைத்தார்.

சிரிப்பு வராதா பின்னே? நாலு மாதப் பேச்சு அது. அதுவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்! ஈரானியர்கள் மூன்றாவது மாடியில். நடுவில் காகிதத்தோடு லிஃப்டில் ஏறி இறங்கியே இளைத்துப் போனவர் ஓமான்காரர் ஹமூத்.

தெஹ்ரான் சிறையில் நாலு வருடம் கிடந்த அமெரிக்க இன்ஜினீயர் ஷாயான் இப்போது விமான ஸீட்டில்... அமெரிக்கா பிடித்து வைத்திருந்த ஈரானியன் இன்னொரு விமானத்தில்... ஒரு மணிக்குள் இரு பக்கமும் 'சரி' என்றால் இரண்டும் மஸ்கட்டுக்குப் பறக்கும்.

கீழே லாபியில் ஷாயானின் ஈரானிய மனைவி லாலே. மடியில் அவனுடைய ஷூ. சிறைச் செருப்போடு அவன் நடக்கக் கூடாதாம்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கதவு படாரென்று திறந்தது!

ஒட்டுக்கேட்கும் பிரிவு ட்ரிஷ். முகம் வெளிறியிருந்தது.

"சார்! ஈரான் தலைவர் தாஜ்பக்ஷ் இப்பத்தான் போன்ல பேசினார்... கேளுங்க!"

கனத்த குரல் ஒன்று ஒலித்தது. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த வரிகள் திரையில் ஓடின.

'உன் ஈரலைத் தின்பேன். இன்று மாலை உனக்குப் பலியாவேன்...'

"தற்கொலைப் படை சார்! தெஹ்ரான் விமானத்துல குண்டு இருக்கு!"

கார்ட்னருக்கு வியர்த்தது. "பாரசீகம் தெரிஞ்ச ஆள் யாருமே இல்லையா?"

"ஒருத்தர் இருந்தார். ஈரான்ல, ஷீராஸ்ல பொறந்தவர்னு செக்யூரிட்டி உள்ளே விடலை."

"ஹமூத்! எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க!"

வாசலில் காத்திருந்த ஹமூத் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். லாபியில் விஷயம் பரவ எவ்வளவு நேரம்? ஐந்தே நிமிடத்தில் லாலே மேலே வந்துவிட்டாள். கையில் ஷூவோடு!

"ஏன் சார் நிறுத்தினீங்க? என் புருஷன் என்ன பண்ணினார்?"

"அம்மா, நீங்களே கேளுங்க."

கேட்டாள். கண்ணீரோடு சிரித்தாள்.

"அட கடவுளே! பேத்திகிட்ட கொஞ்சறார் சார்! சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவாராம்! 'உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேன்டி'ங்கிற மாதிரி! 'உனக்குப் பலியாவேன்'னு நாங்க காய்கறிக்காரர்கிட்டகூட சொல்லுவோம்!"

மணி பன்னிரண்டு ஐம்பது.

"ஹமூத்! சரின்னு சொல்லுங்க! ஓடுங்க!"

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் பாய்ந்தார் ஹமூத்.

ஐந்து நிமிடம்...

திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வந்தார்.

"ஷாயானை இறக்கிட்டாங்க. ஜெயில் வண்டி கிளம்பிடுச்சு."

லாலே ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாங்க நிறுத்தினதாலயா?" என்றார் கார்ட்னர்.

"அதுக்கும் முன்னாடியே. இப்பத்தான் வாயைத் திறக்கறாங்க. பன்னிரண்டு அஞ்சுக்கு. அவங்களும் ஒட்டுக் கேட்டிருக்காங்க. யாரோ ஒரு அம்மா, 'அத்தனை பேரையும் கொன்னுட்டு வாங்க'ன்னாங்களாம். நீங்க 'கொன்னுடறேன்'னீங்களாம்..."

கார்ட்னர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"யோவ்! அது... அசத்திட்டு வாங்கன்னு அர்த்தம்யா!"

"அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். நம்பலை. அமெரிக்கன் சொல்றதுக்கு ஏதுடா அர்த்தம்னு கேக்கறாங்க."

"நானே கீழே போய்ப் பேசறேன்!"

"முடியாது சார். நேர்ல பார்க்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே! ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்."

மணி ஒன்று அடித்தது.

ஜன்னலுக்கு வெளியே கடல். வானத்தில் ஒரு விமானமும் இல்லை.

லாலே ஷூவைப் பைக்குள் வைத்தாள். நாடா வெளியே தொங்கியது. அதையும் பொறுமையாக உள்ளே தள்ளினாள்.

"அடுத்த பேச்சு எப்போ?"

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நாலு மாசமா மாத்தி மாத்தி ஒட்டுக் கேட்டீங்களே சார்... யாராவது ஒருத்தர், என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"