காற்று கூடிய ஸ்டெப்னி

ஸ்டெப்னியில் காற்று குறைந்திருக்கவில்லை. கூடியிருந்தது.

ஞாயிறு காலைதோறும் பிக்கப்பின் அடியில் நுழைந்து, ஹேண்டிலைச் சுழற்றி, சங்கிலியில் தொங்கும் மாற்று டயரான ஸ்டெப்னியைத் தரைக்கு இறக்கி, காற்றுப் பார்த்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி மறுபடி ஏற்றி வைப்பது அவளுடைய வேலை. மீன் ஏற்றுகிற வண்டி. நடுவழியில் நின்றால் ஐஸ் கரையும், ஐஸ் கரைந்தால் சரக்கு போச்சு. "என்னைவிட ஸ்டெப்னி மேலதான் இவளுக்குப் பாசம்" என்று கணவன் கடை கடையாகச் சொல்லிச் சிரிப்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். காற்றழுத்தம் முப்பத்தைந்து வைத்தால் அடுத்த வாரம் முப்பத்துமூன்று இருக்கும், இரண்டு அடிப்பாள். இத்தனை வருஷமாக அப்படித்தான். போன வாரம் பழைய ஸ்டெப்னி பாளம் பாளமாக வெடித்துவிட்டதால், அடிபட்ட வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து கணவன் வேறொன்று கொண்டுவந்து மாட்டியிருந்தான். அதிலும் முப்பத்தைந்துதான் வைத்தாள். காற்றளக்கும் கேஜ் இப்போது ஐம்பத்தொன்று காட்டியது.

"வெயில்ல காத்து விரியும்டி," என்றான் கணவன், வாசலில் பல் தேய்த்துக்கொண்டே.

"மூணு நாளா மழைங்க."

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அவள் வால்வின் ஊசியை அழுத்திக் காற்றை விட்டாள். சீறிக்கொண்டு வந்தது வெதுவெதுப்பாக இருந்தது, ஈரமாக இருந்தது, அவள் முகத்தில் படிந்தது. மீன் கழுவிய தண்ணீர் வண்டியின் பாடியிலிருந்து சொட்டி நாறுகிறது என்று யாரும் சொல்லலாம். ஆனால் அவள் மீனிலேயே பிறந்து வளர்ந்தவள், மீன் எத்தனை விதமாக நாறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இது மீன் இல்லை. பல நாள் திறக்காத வாயின் நாற்றம். புளித்த பாலும், புண்ணில் ஒட்டிப்போன துணியைப் பிரிக்கையில் வருகிற சீழும் கலந்த நாற்றம். சீறல் ஒரே சீராகவும் வரவில்லை. வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

முப்பத்தைந்து வைத்து ஏற்றினாள்.

அடுத்த ஞாயிறு அறுபத்திரண்டு. ரப்பர் சூடாக இருந்தது, காய்ச்சல்காரரின் வயிறுபோல. பக்கவாட்டில் வழவழவென்று ஏதோ கசிந்து, தடவிய உள்ளங்கையில் சளியாக ஒட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டாள், பிறகு மண்ணெண்ணெய், பிறகு மறுபடி சோப்பு. விரலிடுக்கில் அது இருந்துகொண்டேயிருந்தது. அன்று தட்டின் முன் உட்கார்ந்தவள் கையை வாயருகே கொண்டுபோக முடியாமல் எழுந்துவிட்டாள்.

மறுநாள் பஞ்சர் கடைக்காரரிடம் அவளே கொண்டுபோனாள். அவர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை; தண்ணீர்தான் மெல்லக் கலங்கி, மேலே ஆடை கட்டியது. முகம் சுளித்து வெளியே எடுத்து, இருந்த காற்றையெல்லாம் இறக்கி, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே டயர் கழற்றும் லீவரைச் செருகினார். ஈறுக்குள் விரல் போவதுபோல அது சுலபமாகப் போயிற்று. நெம்பவில்லை அவர். அசையாமல் நின்றார். பிறகு இரண்டு கையாலும் லீவரை வெடுக்கென்று பிடுங்கினார். முனையிலிருந்து சளி நூலாக நீண்டது.

"தங்கச்சி, இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னண்ணே இருக்கு உள்ள?"

"தெரியலம்மா. உள்ளேருந்து லீவரைப் பிடிச்சுச்சு."

அவர் கைகழுவப் போனார். அவள் வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குச் சோம்பேறித்தனம், உனக்குக் கதை," என்றான் கணவன். "வியாழக்கிழமை வேற டயர் பார்க்கறேன். அதுவரைக்கும் ஸ்டெப்னி இல்லாமலா ஓட்டறது? நீதானே சட்டம் பேசுவ?" சிரித்துக்கொண்டே அவனே அதைத் தூக்கி மாட்டினான். ஸ்டெப்னி இல்லாமல் ஒருநாள்கூட அவள் வண்டியை வெளியே விட்டதில்லை.

புதன்கிழமை உச்சி வெயிலில், சரக்கோடு இருவரும் போய்க்கொண்டிருந்த ஆள் நடமாட்டமில்லாத நீளச் சாலையில், பின்பக்க இடது டயர் வெடித்தது.

ஏழு பெட்டி மீன். ஐஸ் தண்ணீராகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கணவன் ஹேண்டிலைச் சுழற்றினான். சங்கிலி முனகியது. ஸ்டெப்னி தொம்மென்று தரையில் விழுந்தது, ஈர மூட்டை விழுவதுபோல. யாரும் காற்றடிக்காத டயர் பிதுங்கி உருண்டிருந்தது. வெயிலில் ரப்பர் மெல்லிசாகத் தெரிந்தது. உள்ளே நீலமாக நரம்புகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் ஒரு மேடு எழுந்தது. நிறைமாத வயிற்றில் குதிகால் தள்ளுவதுபோல. நகர்ந்தது. அமுங்கியது.

"வேண்டாங்க. இதை மாட்டாதீங்க."

"அப்ப சரக்கு அழுகட்டுமா?"

"அழுகட்டும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. அந்த மேட்டை அவனும் பார்த்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் குனிந்துகொண்டான். தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். நட்டுகளை வேகவேகமாக முறுக்கினான், கையைச் சட்டையிலேயே துடைத்தான்.

"மெதுவாப் போயிடலாம். ஏறு."

வண்டி நகர்ந்தது. அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து சத்தம்.

சளக்.

பழுத்த பழத்தை மிதித்த சத்தம். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது.

சளக்.

"பேசாதே," என்றான் அவன். அவள் பேசவே இல்லை.

வேகம் கூடக் கூடச் சத்தமும் நெருங்கியது. சளக். சளக். சளக். நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நாக்கில் படிந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வண்டி இடதுபுறமாகச் சாயத் தொடங்கியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு இரும்பு சாலையில் உரசிக் கிறீச்சிட்டது. நிறுத்திவிட்டான்.

இறங்கினார்கள்.

டயர் காலியாகத் தொங்கியது, வற்றிய தோல் பைபோல. ஓரத்தில் ஒரு கீறல். அதன் உதடுகள் வெளிப்பக்கமாக மடிந்திருந்தன. உள்ளே சிவப்பு. ஈரம்.

"ஒண்ணுமில்ல," என்றான் அவன். "காலி. பாரு, உள்ள ஒண்ணுமே..."

அவள் டயரைப் பார்க்கவில்லை. வந்த சாலையைப் பார்த்தாள்.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ஏழடிக்கு ஒன்று. உள்ளங்கை அளவுச் சதைக்கட்டிகள், வெளிறி, சளியில் பளபளத்து, தார்ச்சாலையின் இடது ஓரமாக ஒரே வரிசையில், கண்ணுக்கெட்டிய வளைவுவரை. வெயிலில் எல்லாம் ஒன்றாக உப்பின. ஒன்றாக அடங்கின. மறுபடி உப்பின.

அவன் செருப்பருகே கிடந்தது ஊர ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் இருந்ததும். அதற்கும் பின்னால் இருந்ததும்.