ஜானட் விட்டுப்போன ஷூ

"இன்னா ஜானட்டு, இப்பத்தான போன? மறுக்கா போற?"

ஆப்பக்கடை பவுனம்மாள் ஆவிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். ஜானட் சிரித்துக் கையாட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். பவுனம்மாளுக்குக் கண் மங்கியிருக்கும், வேறு யாரையோ பார்த்திருப்பாள்.

ஜானட்டின் மனசு நிறைந்திருந்தது. விடியற்காலை கதவைத் திறந்தபோது காலடிப்பேட்டை வீட்டின் கேட்டில் அம்மா துண்டு போட்டு வைத்திருந்தாள். மதில்மேல் தட்டு மூடிய டம்ளரில் சூடான பால் இருந்தது. முன்பெல்லாம் ஓடிவிட்டு வந்ததும் அவள் குடிக்கிற பால். அப்பா போன பிறகு தனியாகவே இருக்கும் அம்மாவோடு போனில் பேசி மூன்று மாதமாகிவிட்டது. அப்படியும் மறக்கவில்லையே என்று நினைத்து, வந்து குடிக்கலாமென்று அதை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சந்து முடிந்து கடலோரச் சாலை வந்தது. இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து மைல் கணக்கில் நின்றன, சில இன்ஜின்கள் தூக்கத்திலேயே உறுமின. வலப்பக்கம் கல் கொட்டிய கரையில் அலை மோதி மோதிச் சாலையின் ஓரத்தை நனைத்தது, டீசலும் கருவாடும் உப்பும் கலந்த அந்தப் பழைய வாடை மூக்கில் ஏற ஏற அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வாடைக்காகவே ஓசூரில் ஏங்கியிருக்கிறாள்.

நாலு வருஷம் இந்தச் சாலையில் கீர்த்தியோடு ஓடினாள். கீர்த்தி மீனவக் குப்பத்துப் பெண். லாரிகளுக்கு நடுவே ஒரு பெண் தனியாக ஓட முடியாது, ஜோடி வேண்டும். ஜானட் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று கீர்த்தி அவளுடைய பழைய நீல ஷூவைக் கேட்டாள். படகில் ஓர் ஆள் வரவில்லையென்றால் அவன் துண்டை அவன் உட்காரும் பலகையில் விரித்துவிட்டுத்தான் கீர்த்தியின் அப்பா கடலுக்குப் போவாராம். "எடம் காலியா கெடக்கக் கூடாதுடி" என்றாள். ஜானட் சிரித்துக்கொண்டே, அவர்கள் தினமும் தொட்டுத் திரும்பும் மஞ்சள் கல்மேல் ஷூவை வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் இது ஓடட்டும்." மாதாமாதம் வருவேன் என்றும் சொன்னாள். வரவில்லை.

ஈரத்தரையில் காலடித் தடங்களைப் பார்த்தாள். இரண்டு ஜோடி, வடக்கே போயிருந்தன. அதில் ஒன்றில் வலது குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் அழுத்தமாகப் பதிந்திருந்தது. ஜானட்டின் ஷூ எப்போதும் அங்கேதான் தேயும்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். காற்று நின்றுவிட்டது போலிருந்தது.

மஞ்சள் கல் தெரிந்தது. அதன்மேல் ஷூ இல்லை. யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், இரண்டு வருஷம் ஆயிற்றே. கல்லில் ஷூ இருந்த இடம் மட்டும் நீர் தேங்கி ஈரமாக இருந்தது.

கல்லுக்கு அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கீர்த்தியின் சிரிப்பு. கூடவே இன்னொன்று. அதுவும் தெரிந்த சிரிப்புத்தான்.

இருவர் திரும்பி ஓடி வந்தார்கள். கீர்த்தி. அவள் பக்கத்தில் நீல ஷூ போட்ட ஓர் உருவம், தலை கவிழ்ந்து, ஈரமுடி முகத்தை மறைக்க ஓடி வந்தது. இடது கையை மட்டும் விரைப்பாக வீசியது. ஜானட்டும் அப்படித்தான் வீசுவாள்.

"கீர்த்தி. நான்டி."

கீர்த்தி நின்றாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இப்ப எதுக்குடி வந்த?"

"இது யாரு?"

"நீ வச்சிட்டுப் போனதுதான். நீ ஃபோனைக்கூட எடுக்கல. இது மழைல வந்திச்சு, புயல்ல வந்திச்சு, ஒரு நாள் தவறல." பிறகு பக்கத்திலிருந்ததன் முதுகில் பிரியமாகத் தட்டினாள். "நீ அவள பாக்காத. வூட்டுக்கு ஓடு. பால் ஆறிடும்னு அம்மா காத்துகினு இருப்பாங்க."

அந்தப் பால்.

அது ஓடியது. ஜானட் துரத்தினாள். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். பழைய ஜானட்டின் வேகம் அதற்கு இருந்தது, இவளுக்கு இல்லை. மூச்சு வாங்கியது. விலா குத்தியது. லாரிகள். லாரிகள். பவுனம்மாள் நீல ஷூவைப் பார்த்துக் கையாட்டினாள். பின்னால் வந்தவளைப் பார்க்கவில்லை.

சந்து. திருப்பம். கேட்.

"அம்மா."

டம்ளர் காலியாக இருந்தது. கேட்டை ஒட்டிய வாசற்படியில் நீல ஷூ போட்டது உட்கார்ந்திருந்தது. அம்மா துண்டால் அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்ட முடியிலிருந்து கடல்தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா துண்டைப் பிழிந்தாள். மறுபடி துவட்டினாள். தினமும் செய்கிற வேலைபோல.

"அம்மா, நான்தான் ஜானட்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்த பார்வை. அதன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தி, முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து, சத்தமில்லாமல் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டாள். போ என்று அந்தக் கையை அசைத்தாள்.